வாக்குரிமையும் வாக்கு நாளும்: அமெரிக்காவின் ஃபெர்குசன் நகர உள்ளூராட்சித் தேர்தல்கள் – ஒரு நோக்கு

முன்னுரை

உள்ளூராட்சித் தேர்தல் என்பது மலேசியத் தமிழ் வாசகர்களுள் இளைய தலைமுறையினருக்குப் பட்டறிவில் இல்லாத ஒன்று. இந்நாட்டில் 1965ஆம் ஆண்டு அத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைபெறச் செய்தது. எனவே உள்ளூராட்சி பற்றிப் பேசும்போதெல்லாம், தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்னும் வினாவே நம்மிடையே முதன்மை பெறுகிறது. தேர்தல் இருக்கும் இடத்தில் அது எந்நாளில் நடைபெறுகிறது, எத்தகைய ஆட்சியமைப்புக்காக நடைபெறுகிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன.

இவ்விரு வினாக்களையும் தெளிவாக உணர்த்தும் ஊர் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் அமைந்துள்ள ஃபெர்குசன் என்னும் சிறு நகரம். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், மைக்கல் பிரவுன் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞர் அந்நகரக் காவலர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அதனைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்கள் வழி உலகம் அந்நகரின் பெயரை அறிந்தது. அந்நிகழ்வு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. நாம் இக்கட்டுரையில் நோக்க விழைவது அதன் பின்னணியில் இருந்த வேறொரு செய்தி. மக்கள்தொகையில் மூன்றில் இரு பங்கினராக இருந்த கறுப்பினத்தவர், தம் நகர மன்றத்தின் ஆறு இடங்களுள் ஒன்றை மட்டுமே பெற்றிருந்தனர். அவர்களுடைய வாக்குரிமையை எச்சட்டமும் பறிக்கவில்லை. அவ்வாறாயின் இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதே நம் ஆய்வு வினா.

நகரும் மக்களும்

ஃபெர்குசன் 1894ஆம் ஆண்டு நகரமாகப் பதிவு பெற்றது. இருப்புப்பாதை நிலையம் ஒன்றைச் சுற்றி வளர்ந்த ஊர். செயின்ட் லூயிஸ் மாநகரம் தனி ஆட்சிப் பிரிவாக இருக்க, அதனைச் சூழ்ந்துள்ள செயின்ட் லூயிஸ் கவுண்டியில் ஏறத்தாழ 90 சிறு நகரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மன்றம் உண்டு. பலவற்றுக்குத் தனிக் காவல்துறையும் நீதிமன்றமும் இருந்தன. ஒரு சாலையைக் கடந்தால் மற்றொரு நகரின் ஆட்சி எல்லை தொடங்கிவிடும் என்னுமளவுக்கு இவை நெருங்கி அமைந்தவை.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஃபெர்குசன் வெள்ளையரின் நகரமாகவே விளங்கியது. அதனை அடுத்திருந்த கின்லாக் கறுப்பினத்தவரின் நகரம். இரண்டையும் இணைத்த சாலை ஒன்று 1960களில்கூடச் சங்கிலியிட்டு அடைக்கப்பட்டிருந்தது. பின்னர் விமான நிலைய விரிவாக்கத்திற்காகக் கின்லாக்கின் வீடுகள் பெருமளவில் வாங்கப்பட, அங்கிருந்தோர் அண்டை நகரங்களுக்குப் பெயர்ந்தனர். செயின்ட் லூயிஸ் மாநகரிலிருந்தும் கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நோக்கி வந்தன. வெள்ளையர் பலர் மேலும் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சென்றனர். ஃபெர்குசன் மக்களுள் கறுப்பினத்தவர் 1970இல் ஒரு விழுக்காட்டினரே. 1990இல் 25 விழுக்காடு, 2000இல் 52 விழுக்காடு, 2010இல் 67 விழுக்காடு என அவ்வெண்ணிக்கை உயர்ந்தது. 2010ஆம் ஆண்டு நகரின் மக்கள்தொகை 21,203. 2020ஆம் ஆண்டு அது 18,527ஆகக் குறைந்தது.

நாற்பது ஆண்டுகளில் ஒரு நகரின் மக்கள் ஏறக்குறைய முழுமையாக மாறினர். ஆயினும் அதன் அரசியல் நிறுவனங்கள் பழைய மக்களுக்கேற்ப அமைந்தவாறே தொடர்ந்தன. இந்த இடைவெளியே பின்னர் நேர்ந்தவற்றுக்கு அடிப்படை எனக் கருதலாம்.

மன்றமும் மேலாளரும்

ஃபெர்குசன் நகர மன்றத்தில் மேயரும் ஆறு உறுப்பினர்களும் உள்ளனர். நகரம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்திற்கு இருவர் வீதம் மூன்றாண்டுக் காலத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அனைவருடைய தவணையும் ஒரே ஆண்டில் முடிவதில்லை. வேட்பாளர்கள் கட்சிச் சார்பின்றிப் போட்டியிடுவர். வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறாது.

ஆயின் அன்றாட ஆட்சி மேயரின் கையில் இல்லை. மன்றத்தால் நியமிக்கப்படும் நகர மேலாளரே நிர்வாகத் தலைவர். காவல்துறைத் தலைவர் உள்ளிட்ட துறைத் தலைவர்கள் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள். நகர நீதிபதியைக்கூட மேலாளர் முன்மொழிய, மன்றம் தெரிவு செய்தது. 2014இல் நீதிமன்ற அலுவலர்கள் நகரின் நிதித்துறைத் தலைவரின் மேற்பார்வையில் பணியாற்றினர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இவ்வமைப்பு ஃபெர்குசனுக்கே உரியதன்று. அமெரிக்க நகரங்களில் கட்சித் தலைவர்கள் வேலைகளையும் ஒப்பந்தங்களையும் தம் ஆதரவாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த முறைக்கு எதிராக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சீர்திருத்த இயக்கம் தோன்றியது. நகர ஆட்சி அரசியலன்று. திறம்பட நடத்தப்பட வேண்டிய ஒரு நிர்வாகம் என்பது அவ்வியக்கத்தாரின் கோட்பாடு. வெர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டாண்டன் நகரம் 1908ஆம் ஆண்டு முதல் மேலாளரை நியமித்தது. 1913ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பிறகு ஒகாயோ மாநிலத்தின் டேட்டன் நகரம் இம்முறையை ஏற்றதும் இது நாடெங்கும் பரவலாயிற்று. மேலாளர் ஆட்சி, கட்சிச் சார்பற்ற வாக்குச் சீட்டு, தேசியத் தேர்தலிலிருந்து பிரிக்கப்பட்ட நகரத் தேர்தல் ஆகிய மூன்றும் அச்சீர்திருத்தத்தின் கூறுகளாகப் பெரும்பாலும் சேர்ந்தே இடம்பெற்றன.

இவற்றின் நன்மைகளை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் இம்மூன்றும் சேரும்போது வாக்காளருக்கு ஏற்படும் சுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்சிப் பெயர் இல்லாத இடத்தில் வேட்பாளர் எத்தகையவர் என்பதை வாக்காளரே முயன்று அறிய வேண்டும். மேயருக்கே அதிகாரம் குறைவு என்னும்போது, வாக்களிப்பதால் என்ன மாறிவிடும் என்னும் ஐயம் எழுகிறது. இவற்றோடு தேர்தல் நாளும் வேறாக அமைந்தால் சுமை மேலும் கூடுகிறது.

ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை

அமெரிக்க அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பர் மாதத்தில் நடைபெறுபவை. மிசூரி மாநிலத்தின் நகரத் தேர்தல்களோ ஏப்ரல் மாதத்தின் முதல் திங்களை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையில் நடைபெறுகின்றன. அந்நாளில் தொலைக்காட்சி விவாதங்கள் இல்லை. வீடு வீடாக வந்து அழைக்கும் கட்சித் தொண்டர்களும் மிகக் குறைவு.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரசியல் அறிவியல் ஆய்வாளர் பிரையன் ஷாஃப்னரும் அவருடைய உடனாய்வாளர்களும் 2014ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்தனர். 2012ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் ஃபெர்குசனின் கறுப்பின வாக்காளருள் 54 விழுக்காட்டினரும் வெள்ளையருள் 55 விழுக்காட்டினரும் வாக்களித்தனர் என அவர்கள் மதிப்பிட்டனர். ஐந்தே மாதங்களுக்குப் பிறகு 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்த நகரத் தேர்தலில் அவ்விகிதங்கள் முறையே 6 விழுக்காடும் 17 விழுக்காடுமாகச் சரிந்தன. மிசூரி வாக்காளர் பதிவேட்டில் இனம் குறிக்கப்படுவதில்லையாதலால் இவை மதிப்பீடுகளே என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். எனினும் போக்கு ஐயத்திற்கிடமின்றித் தெரிகிறது.

இதன் விளைவை எளிய கணக்கு ஒன்றன் வழி விளக்கலாம். ஒரு நகரில் 1,000 வாக்காளர் உள்ளனர் எனவும் அவர்களுள் 700 பேர் கறுப்பினத்தவர், 300 பேர் வெள்ளையர் எனவும் கொள்வோம். நவம்பர் விகிதப்படி 378 கறுப்பினத்தவரும் 165 வெள்ளையரும் வாக்களிப்பர். ஏப்ரல் விகிதப்படி 42 கறுப்பினத்தவரும் 51 வெள்ளையரும் வாக்களிப்பர். மக்கள் மாறவில்லை; பதிவேடு மாறவில்லை; சட்டமும் மாறவில்லை. நாள் மட்டுமே மாறியது. பெரும்பான்மை சிறுபான்மையாகிவிட்டது.

குறைந்த வாக்குப்பதிவு இருசாராரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பது இங்கு அறியத்தக்கது. சொந்த வீடுடையோர், நெடுங்காலம் ஓரிடத்தில் வாழ்வோர், முதியோர் ஆகியோர் எந்நாளில் தேர்தல் வைத்தாலும் வருவர். வாடகை வீட்டினர், அடிக்கடி இடம்பெயர்வோர், இளையோர், நேரக் கணக்கில் ஊதியம் பெறுவோர் ஆகியோரே முதலில் விடுபடுவர். ஃபெர்குசனில் முதல் வகையினருள் வெள்ளையரும் இரண்டாம் வகையினருள் கறுப்பினத்தவரும் மிகுதி. வாக்காளர் வராத இடத்தில் வேட்பாளரும் தோன்றுவதில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் மேயர் ஜேம்ஸ் நோல்ஸ் போட்டியின்றியே மீண்டும் தெரிவானார். போட்டியில்லாத தேர்தலுக்கு வாக்காளர் வருவதில்லை. இவ்வாறு இது ஒரு சுழற்சியாகிறது.

சாரா அன்சியா 2014இல் வெளியிட்ட நூலில், தனி நாளில் நடக்கும் தேர்தல்களில் வாக்குப்பதிவு குறைவதையும், அதனால் அமைப்பாகத் திரண்ட சிறு குழுக்களின் செல்வாக்கு மிகுவதையும் பல நகரங்களின் தரவுகளைக் கொண்டு நிறுவியுள்ளார். ஃபெர்குசன் அப்பொதுப் போக்கின் ஓர் எடுத்துக்காட்டே ஆகும்.

வாக்குப் பெட்டியும் அபராதமும்

மன்றத்தில் யார் அமர்கிறார் என்பது வெறும் அடையாளச் சிக்கல் எனச் சிலர் கருதக்கூடும். அது அவ்வாறன்று என்பதை நகரின் வரவு செலவுக் கணக்கு காட்டுகிறது.

அமெரிக்க நீதித்துறை 2015ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் வெளியிட்ட விசாரணை அறிக்கையின்படி, 2010ஆம் நிதியாண்டில் நகரின் பொது வருவாய் 11.07 மில்லியன் டாலர். அதில் நீதிமன்ற அபராதமும் கட்டணமும் 1.38 மில்லியன். 2015ஆம் நிதியாண்டுக்கு எதிர்பார்க்கப்பட்ட 13.26 மில்லியன் டாலர் வருவாயில் அபராதத்தின் பங்கு 3.09 மில்லியன். அதாவது எட்டில் ஒரு பங்காக இருந்தது ஐந்தாண்டுகளில் நான்கில் ஒரு பங்கை நெருங்கியது. அபராத வருவாயை உயர்த்துமாறு நகர அலுவலர்கள் காவல்துறையைத் தூண்டினர் எனவும் அவ்வறிக்கை கூறியது.

இச்சுமை யார் மீது விழுந்தது? 2012 முதல் 2014 வரையிலான காலத்தில் நிறுத்தப்பட்ட வாகனமோட்டிகளுள் 85 விழுக்காட்டினரும், குற்றப்பதிவுச் சீட்டுப் பெற்றோருள் 90 விழுக்காட்டினரும், கைது செய்யப்பட்டோருள் 93 விழுக்காட்டினரும் கறுப்பினத்தவர். 2014 டிசம்பரில் அந்நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணை நிலுவையிலிருந்தோர் 16,000 பேருக்கு மேல். ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்த நகரின் நீதிமன்றம் அது. அவர்களுள் பிற ஊர்களிலிருந்து வந்துபோவோரும் அடங்குவர் எனினும் அவ்வெண்ணிக்கை எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று.

வரியை உயர்த்த வேண்டுமாயின் மிசூரி மாநிலச் சட்டப்படி வாக்காளரின் இசைவு தேவை. அபராதத்தை உயர்த்த அத்தகைய இசைவு எதுவும் வேண்டியதில்லை. ஏப்ரலில் தவறாமல் வாக்களிப்போர் வரி உயர்வை விரும்பமாட்டார். அபராதம் செலுத்துவோரோ ஏப்ரலில் வாக்களிப்பதில்லை. இந்நிலையில் மன்றம் எவ்வழியை நாடும் என்பதை உய்த்துணரலாம். இதற்கு எவருடைய தீய எண்ணமும் கட்டாயத் தேவையன்று. தேர்தல் நாளும் வருவாய் முறையும் இணைந்தே இவ்விளைவை ஈன்றுவிடும். நம் கருத்தில் ஃபெர்குசன் தரும் முதன்மையான பாடம் இதுவே.

2015க்குப் பின்

நீதித்துறை அறிக்கை வெளிவந்த சில நாள்களில் நகர மேலாளர், காவல்துறைத் தலைவர், நகர நீதிபதி ஆகிய மூவரும் பதவி விலகினர். இம்மூவருள் எவரும் மக்கள் வாக்கால் நேரடியாகத் தெரிவானவரல்லர் என்பதை நாம் முன்னர்க் கூறிய அமைப்போடு பொருத்திக் காண வேண்டும்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நடந்த தேர்தலில் வாக்குப்பதிவு ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்தது. எல்லா ஜோன்ஸ், வெஸ்லி பெல் ஆகிய இரு கறுப்பினத்தவர் வென்றனர். மன்றத்தின் ஆறு இடங்களுள் மூன்று கறுப்பினத்தவர் வசமாயின. மூன்றாம் வட்டாரத்தில் போட்டியிட்ட இருவரும் கறுப்பினத்தவர். போட்டியும் அக்கறையும் இருந்தால் ஏப்ரலிலும் மக்கள் வருவர் என்பதற்கு இது சான்று. ஆயின் உலகமே நோக்கியிருந்த அந்நாளிலும் பத்தில் எழுவர் வரவில்லை என்பதும் உண்மை.

அதன் பின்னர் நடந்தவை நேர்கோட்டில் அமையவில்லை. 2016 ஏப்ரலில் விற்பனை வரி உயர்வுக்கு வாக்காளர் இசைந்தனர். சொத்து வரி உயர்வு தேவையான பெரும்பான்மையைப் பெறவில்லை. 2017ஆம் ஆண்டு மேயர் தேர்தலில் எல்லா ஜோன்ஸை வென்று நோல்ஸ் மீண்டும் பதவி பெற்றார். கொரோனா தொற்றால் தள்ளிவைக்கப்பட்டு 2020ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் நடந்த தேர்தலில்தான் ஜோன்ஸ் வெற்றி பெற்று, நகரின் முதல் கறுப்பின மேயராகவும் முதல் பெண் மேயராகவும் ஆனார். 2023இல் அவர் மீண்டும் தெரிவானார். வெஸ்லி பெல் 2018இல் கவுண்டியின் அரசு வழக்கறிஞராகவும், 2024இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினராகவும் தெரிவு பெற்றார். சிறு நகர மன்றம் பெரும் பதவிகளுக்கான படிக்கட்டாகவும் அமைவதை இது காட்டுகிறது.

மாநில அரசும் 2015இல் சட்டம் இயற்றி, போக்குவரத்து அபராதங்களின் வழி ஒரு நகரம் பெறக்கூடிய வருவாயின் உச்ச வரம்பை 30 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. செயின்ட் லூயிஸ் கவுண்டிக்கு மட்டும் விதிக்கப்பட்ட 12.5 விழுக்காடு என்னும் கடும் வரம்பை மிசூரி உச்ச நீதிமன்றம் 2017இல் நீக்கிவிட்டது.

பள்ளி வாரியத்தில் வேறொரு தீர்வு

ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட் பள்ளி மாவட்டத்தின் வாரியம் எழுவரைக் கொண்டது. அவர்கள் வட்டாரப் பிரிவின்றி, மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மாணவருள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ஆயினும் வாக்களிக்கும் வயதினருள் இரு இனத்தாரும் ஏறத்தாழச் சமநிலையில் இருந்தனர். இத்தேர்தல் முறை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திற்கு முரணானது என 2016இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

தீர்வாக நீதிமன்றம் குவிவு வாக்கு முறையை விதித்தது. எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவற்றைப் பலருக்குப் பங்கிடலாம், ஒருவருக்கே முழுமையாகவும் அளிக்கலாம். மூன்று இடங்கள் இருப்பின் சிறு குழுவினர் தம் மூன்று வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்கு அளித்து அவரை வெல்லச் செய்ய இயலும். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் இம்முறை முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. எண்ணும் முறை மாறியது, நாள் மாறவில்லை.

மாற்றுக் கருத்துகள்

இவ்வாய்வுக்கு எதிராக இரு கருத்துகள் முன்வைக்கப்படலாம். முதலாவது, வாக்குரிமை இருந்தும் பயன்படுத்தாதவர்களே குறைக்குப் பொறுப்பு என்பது. இதனை முற்றிலும் தள்ளிவிட இயலாது. ஆயினும் அதே மக்கள் நவம்பரில் வெள்ளையருக்கு நிகராக வாக்களித்தவர்கள் என்பதை நாம் மேலே கண்டோம். சோம்பலே காரணமாயின் அது நவம்பரிலும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நகரத் தேர்தலை நவம்பருக்கு மாற்றினால் உள்ளூர்ச் சிக்கல்கள் தேசிய ஆரவாரத்தில் மூழ்கிவிடும் என்பது. இது மதிக்கத்தக்க கருத்து. நீண்ட வாக்குச் சீட்டின் கடைசியில் இடம்பெறும் நகர மன்றப் போட்டியைப் பலர் குறியிடாமலே விடுவதும் உண்டு. எனினும் கலிபோர்னியா மாநிலம் 2015இல், தனி நாளில் வாக்குப்பதிவு பெரிதும் குறையும் நகரங்கள் தம் தேர்தலை மாநிலத் தேர்தல் நாளுக்கு மாற்ற வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. பால்டிமோர் நகரம் 2016 முதல் அதிபர் தேர்தலோடு சேர்த்தே மேயரைத் தெரிவு செய்கிறது. அறிந்து வாக்களிக்கும் சிலரா, வாக்களிக்கும் பலரா என்னும் தெரிவில் அவை இரண்டாவதைத் தேர்ந்தன.

முடிவுரை

வாக்குரிமை என்பது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட சொல்லோடு முடிந்துவிடுவதன்று. எந்நாளில், எப்பதவிக்கு, எவ்வாறு எண்ணப்படும் வாக்கு என்பவையும் அவ்வுரிமையின் உறுப்புகளே. ஃபெர்குசனில் அவ்வுறுப்புகள் நூறாண்டுக்கு முந்தைய நல்லெண்ணச் சீர்திருத்தத்தால் வடிவம் பெற்றவை. மக்கள் மாறிய பின்னும் அவற்றை மறு ஆய்வு செய்வார் இல்லாமையால், அவை ஒரு பிரிவினரை ஆட்சியிலிருந்து விலக்கி, அவர்களிடமிருந்தே வருவாய் ஈட்டும் கருவிகளாயின.

உள்ளூராட்சி பற்றி மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஆட்சியமைப்பின் படத்தை வரைந்து காட்டுவதோடு அமையாமல், ஒரு நகரின் தேர்தல் நாளையும் அதன் வரவு செலவுக் கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டுவது பயன் தரும். நகரத்தை நடத்தும் பணத்தை யார் தருகின்றனர், அதனை முடிவு செய்யும் நாளில் யார் வருகின்றனர் என்னும் இரு வினாக்களுக்கும் விடை வேறுபடும் இடத்தில், ஆட்சியின் குறையும் தென்படும்.